கோயிலுக்குக் கொடுத்த உப்பு

நேற்று காலை பதினொன்றே முக்கால் மணிக்கு, ஸ்கேன் படம் பார்க்கும் அந்தச் சின்ன அறையில் இருந்தவர்கள்: நான், என்னிடமிருந்து ஆறடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உங்க அப்பா, டாக்டரம்மா, ஸ்கேன் எடுத்த டெக்னீஷியன், எட்டு மாத வயிற்றோடு என் பக்கத்தில் வரக்கூடாது என்பதால் அப்பா கையிலிருந்த போனுக்குள் உன் தங்கச்சி செல்வி, என் கைப்பைக்குள் வல்லக்கோட்டை முருகன். மொத்தம் ஆறு பேர். நீ இல்லை, கதிர். புனேயில் புது மெஷின் பயிற்சியில் இருந்தாய். அதனால் நீ பார்க்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். திரையில் என் உருவம் சாம்பல் நிழலாக நின்றது. எச்சில் சுரப்பியிலும் வயிற்றிலும் எல்லாருக்கும் தெரிகிற கறுப்பை விட்டுவிடு. கழுத்தில் இடது பக்கம் கடுகு மாதிரி இரண்டு கறுப்புப் புள்ளி, அதற்குக் கீழே மிளகு மாதிரி ஒன்று. டாக்டரம்மா பேனா முனையால் அவற்றைக் காட்டி, "வாங்கியிருக்கு" என்றார். ஒரே வார்த்தை. உங்க அப்பா எழுந்து நின்று கைதட்டிவிட்டார். செல்வி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் போன் ஆடியது. புற்றுநோய்ப் புள்ளி படத்தில் தெரிந்ததற்குக் கைதட்டிய ஆட்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார் அந்த டெக்னீஷியன்.

ரிசல்ட் நல்லபடியாக வந்தது, போன தடவை வந்தது மெஷின் கோளாறு என்று அப்பா உனக்குப் போனில் சொன்னார். முதல் பாதி நிஜம். இரண்டாவது பாதி பொய், கதிர். மெஷின் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுடையது. அதை உன்னிடம் சொல்லாமல் இத்தனை வாரம் கடத்தியதும் நான்தான். நேரில் சொல்லப் போனால் "அதெல்லாம் வுடும்மா" என்று நீ பேச்சை மாற்றிவிடுவாய், எனக்கும் அது வசதியாகப் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். இன்னும் சில நாள் எனக்கு முன் அறைதான், தனித் தட்டு, தனி டம்ளர். அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுகிறார். செல்வி என்னை டார்ச் லைட் என்று கூப்பிடுகிறாள். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன். அதற்கப்புறம் நம் நகரின் பெண்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவதாக இருக்கிறேன். என்னை மாதிரி இன்னொருத்தி அங்கே இருந்தால் அவளுக்கும் ஆகட்டும்.

என் கழுத்திலிருந்த கட்டியை முதலில் பார்த்தவன் நீ. செல்வி கல்யாணத்துக்கு இரண்டு மாதம் கழித்து, அடுப்படியில் நின்று நான் அண்ணாந்து தண்ணீர் குடித்தபோது, "அம்மா, இன்னாமோ மேல போய்க் கீழ வருது" என்றாய். வயசாகிற சதைடா என்றேன். நீ கேட்கவில்லை. ஆபரேஷன், தைராய்டு முழுக்க எடுத்தது, அது பாப்பில்லரி வகை என்று பெயர் வைத்தது எல்லாம் உனக்குத் தெரியும். அப்புறம் மரபணு பரிசோதனைத் தாள் வந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் மருந்து டப்பா முதல் மிக்சி உத்தரவாத அட்டை வரை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். அந்தத் தாளில் 'பிராஃப் வி600இ' என்று இருந்தது. அது நம் போர் மோட்டார் மாடல் நம்பர் மாதிரி இருக்கிறதே, தாளை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று உன்னிடம் கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தோசைக் கரண்டி கீழே விழுந்தது. கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்க, மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, உன் கம்பெனி உற்பத்தி லைனை வைத்தே எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தாய். நான் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இப்போதும் அது என் மடியில் இருக்கிறது.

நீ சொன்னது இதுதான், சரியா என்று பார். ஒரு செல் சும்மா இரண்டாகப் பிரியாது. வெளியிலிருந்து சேதி வர வேண்டும். வாசலில் ஒருத்தர் வாங்கி அடுத்தவர் கையில் கொடுக்க, அவர் அதற்கடுத்தவரிடம் கொடுக்க, கடைசியில் அது உள்ளே ஆபீஸ் வரைக்கும் போய், 'ஒரு செல் கூடப் போடு' என்று உத்தரவாகும். அந்த வரிசையில் நடுவில் நிற்கிற ஆள்தான் பிராஃப். சேதி வந்தால் எழுந்து கடத்துவார், வராவிட்டால் உட்கார்ந்திருப்பார். என் செல்லில் அந்தப் புரதச் சங்கிலியின் அறுநூறாவது மணி மாறிவிட்டது. வி இருக்க வேண்டிய இடத்தில் இ. அவ்வளவு சின்ன மாற்றம். அன்றிலிருந்து அந்த ஆள் உட்காருவதே இல்லை. யாரும் சொல்லாமலே 'கூடப் போடு, கூடப் போடு' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். "ஸ்டாப் பட்டன் வேலை செய்யாத லைன்மா" என்றாய்.

இது முதல் படிதான், நிறையப் பேருக்கு அதிலேயே நின்றுவிடும் என்றும் சொன்னாய். சிலருக்கு மட்டும் மேலே மேலே வேறு கோளாறும் சேரும். ஒவ்வொரு செல்லிலும் நூல் முனை மாதிரி ஒன்று இருக்கிறதாம். ஒவ்வொரு தடவை பிரியும்போதும் அது கொஞ்சம் தேயும், தேய்ந்து முடிந்தால் அந்தச் செல்லுக்கு ரிட்டையர்மென்ட். டெர்ட் என்ற இடத்தில் கோளாறு வந்தால் அந்த முனை மறுபடி மறுபடி வளரும். ரிட்டையர்மென்ட்டே கிடையாது, ஆயுசுக்கும் ஓட்டம்தான். அதற்கும் மேலே ஒரு படி, பி53. அது உன்னை மாதிரிக் குவாலிட்டி ஆள். கோளாறான செல்லைக் கண்டால் லைனை நிறுத்துகிற ஆள். அவரும் போய்விட்டால் அப்புறம் பிடிப்பது கஷ்டம். என் தாளில் டெர்ட்டும் இல்லை, பி53 கோளாறும் இல்லை, பிராஃப் ஒன்றுதான். அன்றைக்கு நீ அடுப்படியில் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாய். எழுபத்திரண்டு கிலோ. முதுகு பிடித்துக்கொண்டு மறுநாள் நீ ஷிப்ட் போகவில்லை. மேனேஜரிடம் என்ன காரணம் சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் நீ கடைசியாக ஒன்று சொன்னாய், குரலை இறக்கி. தைராய்டு செல்லின் சொந்த வேலை அயோடினை உள்ளே இழுத்துக்கொள்வது. அதற்கென்று அதன் சுவரில் ஒரு கதவு இருக்கிறது, சோடியத்தோடு கைகோத்துக்கொண்டு அயோடின் அதன் வழியாக உள்ளே வரும். கட்டி செல்லும் அந்தப் பழக்கத்தை மறக்காதவரை நமக்கு வசதி. கதிரியக்க அயோடினைக் குடித்தால் அதுவே வாங்கி வைத்துக்கொண்டு அதுவே சாகும். ஆனால் அந்த பிராஃப் ஆள் ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தால், செல் தன் வேலையை மறந்து கதவைக் கழற்றிவிடும். கதவு போனால் அயோடின் மருந்து பலிக்காது. நோய் அடுத்த குணத்துக்கு மாறுகிறது என்று அர்த்தம். இதைச் சொல்லிவிட்டு, "உனக்கு அப்பிடி ஆவாதும்மா" என்றாய். நான் 'கதவு' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

இந்த வருஷ ஆரம்பத்தில் ரத்தத்தில் டிஜி ஏறியது, தைராய்டு செல் எங்கேயாவது மிச்சம் இருந்தால் காட்டிக்கொடுக்கிற அளவு அது. கழுத்து நெறிக்கட்டில் மிச்சம் இருக்கிறது என்றார்கள். கொஞ்சமாக அயோடின் கொடுத்து ஸ்கேன் எடுத்து, கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்று முடிவானது. அதற்கு முன்னால் மூன்று வாரம் உடம்பில் அயோடின் இருக்கக் கூடாது. பால் கூடாது, தயிர் கூடாது, முட்டை, கடல் மீன், பேக்கரிப் பண்டம் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே அயோடின் உப்பு கூடாது. அயோடின் சேர்க்காத உப்புக்காக நீ ஸ்ரீபெரும்புதூரில் கடை கடையாக ஏறி, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்தே வாங்கி வந்தாய். தினமும் சாப்பிடுவதை எழுதி வைக்கச் சொன்னார் டாக்டரம்மா. எனக்குச் சொல்ல வேண்டுமா? காலை: இட்லி மூன்று, நம் உப்பு, கறுப்புக் காப்பி. பதினொன்று: வாழைப்பழம் ஒன்று. தண்ணீர்கூட எழுதினேன். அந்த நோட்டைப் பார்த்து டாக்டரம்மா மற்ற நோயாளிகளுக்குக் காட்ட ஒரு பக்கம் நகல் எடுத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது. வீட்டில் ரேஷன் உப்பு பத்துப் பாக்கெட் இருந்தது. அயோடின் உப்பு. பத்தியம் தொடங்க இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது, ஆனாலும் வீட்டில் இருந்தால் கைதவறிப் போட்டுவிடுவேன் என்று பயம். குப்பையில் கொட்ட முடியாது, உப்பைக் கொட்டினால் வீட்டுக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க முடியாது, உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். மிச்சம் இருப்பது கோயில் ஒன்றுதான். நம் நகர்ப் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் முடிந்து நாற்பத்தெட்டு நாள் மண்டல பூஜை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. தினமும் மத்தியானம் அன்னதானம், ஷிப்ட் போகிற பிள்ளைகள் லாட்ஜிலிருந்து வந்து வரிசையில் நிற்பார்கள். பத்துப் பாக்கெட்டையும் கட்டைப்பையில் போட்டுச் சமையல் செய்கிற கோதண்டத்திடம் கொடுத்தேன். அவர் அதைப் பிள்ளையார் முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, சமையல் கட்டுக்குக் கொண்டுபோனார். மனசு நிம்மதி. அப்புறம், பத்திய நாட்களிலும் விடாமல், தினமும் மத்தியானம் கோயிலுக்குப் போனேன். இலையில் சாம்பார் சாதம் ஒரு கரண்டி, தயிர் சாதம் ஒரு கரண்டி. கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: மத்தியானம், சாதம், ரசம், பீன்ஸ், நம் உப்பு.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். மறைக்கவில்லை, கதிர். சாமி சத்தியமாக அது எழுத வேண்டியது என்றே தோன்றவில்லை. பிரசாதம் சாப்பாடு இல்லையே. விரதத்திலும் அதற்குக் குற்றமில்லை, சர்க்கரை நோய்க்காரரும் அதற்கு மட்டும் கை நீட்டுவார், எந்தப் பத்தியத்திலும் அதைச் சேர்த்துப் பேசியதில்லை. வாழ்நாள் முழுக்க எனக்குப் பிரசாதம் கணக்கில் வராத ஒன்று. வாயில் போட்டாலும் அது வயிற்றுக்குப் போவதாக நான் நினைத்ததே இல்லை, நேராக வேறெங்கோ போவதாகத்தான் நினைத்திருந்தேன்.

மண்டல பூஜையின் முப்பத்தொன்பதாம் நாள் ஸ்கேன். படத்தில் ஒன்றுமே இல்லை. ரத்தத்தில் டிஜி ஏறியிருக்கிறது, படத்தில் புள்ளி இல்லை. டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார்: பத்தியம் சரியாக இருந்ததா, இருந்தது, நோட்டு இருக்கிறதே, அப்படியானால் செல் அயோடின் வாங்குவதை நிறுத்தியிருக்கலாம், மூன்று வாரம் கழித்து மற்ற டாக்டர்களோடு கூடிப் பேசி, அந்த பிராஃபையே அடக்குகிற மாத்திரை வேண்டுமா என்று முடிவெடுக்கலாம். எனக்கு அது பாதிதான் புரிந்தது. உனக்கு முழுக்கப் புரிந்தது. அதுதான் உன் கஷ்டம். காரில் திரும்பி வந்தோம். ஒரகடம் மேம்பாலத்தில் நெரிசலில் நின்றபோது கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாய். கதவு போய்விட்டது, அம்மா அடுத்த படிக்குப் போய்விட்டாள் என்று நினைத்தாய். எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை நீயே சுமந்துகொண்டு வந்தாய்.

ஒன்பது நாள் கழித்து நாற்பத்தெட்டாம் நாள் பூஜை. ஸ்கேன் முடிந்துவிட்டதால் பத்தியமும் இல்லை. இலையில் தயிர் சாதத்தோடு நின்றுகொண்டிருந்தேன். கோதண்டம் மைக்கைப் பிடித்து உதவி செய்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். அரிசி கொடுத்தவர், கேஸ் கொடுத்தவர், இலை கொடுத்தவர். அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினார். "நாப்பத்தெட்டு நாளும் இந்தக் கோயிலுக்கு உப்பு வாங்கவே இல்ல. கதிரு அம்மா ஆரம்பிச்சு வச்சாங்க, அதப் பாத்துத் தெருவே பாக்கெட் பாக்கெட்டா குடுத்துச்சு. இதோ நிக்கிறாங்க பாருங்க. அவங்க குடுத்த உப்பத்தான் அவங்களும் துன்னாங்க, நாமளும் துன்னோம்." எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். வாயில் இருந்த சாதத்தை என்னால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வீட்டு வாசல் வழியாக நான் வெளியே அனுப்பிய உப்பு கோயில் வழியாக என் வயிற்றுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கதவுக்கு எந்த அயோடின் மருந்து, எந்த அயோடின் பிள்ளையார் கொடுத்தது என்று எப்படித் தெரியும்?

உடனே உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். பதினோரு நாள் சொல்லவில்லை. வெட்கம், கதிர். நகல் எடுத்துக்கொண்டுபோன என் நோட்டு. ஊரையே கணக்குக் கேட்கிறவள் நான். காய்கறிக்காரரை அரைக் கிலோவுக்கு நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பவள். அதோடு இன்னொரு பயம்: பிரசாதத்தைக் குற்றம் சொன்னால் பிள்ளையார் என்ன நினைப்பார். இப்படி நான் என் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பதினோரு நாளுக்குள் நீ ஜப்பான் வேண்டாம் என்று கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டாய். அங்கே இரண்டு வருஷ வேலை, நீ ஆறு வருஷமாகக் காத்திருந்தது, சுவரில் ஜப்பான் எழுத்து ஒட்டிப் படித்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உங்க அப்பா கம்பெனி பஸ் டிரைவர் என்பதை மறந்துவிட்டாயா? அவர் பஸ்ஸில் ஏறுகிற ரகசியம் ஒன்றுகூட டிக்கெட் வாங்காமல் இறங்குவதில்லை.

பன்னிரண்டாம் நாள், டாக்டர்கள் கூடிப் பேசுகிற தேதிக்கு நானும் அப்பாவும் மட்டும் போனோம். அவர்தான் வழியில் உன் மெயில் விஷயத்தைச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு அடக்க முடியவில்லை. வல்லம் வடகால் திருப்பத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி எல்லாவற்றையும் கொட்டினேன். உப்பு, கோதண்டம், தயிர் சாதம். திட்டுவார் என்று பார்த்தேன். ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு யோசித்தார். அப்புறம், "இன்னாடி இது, அப்போ பஸ்ஸு ஃபுல்லு" என்றார். எனக்குப் புரியவில்லை. "காலங்காத்தால ஸ்டாப்ல நிக்கிறவன் ஏறலன்னா கதவு ரிப்பேருன்னு அர்த்தமா? உள்ள முன்னாடியே ஆளு நின்னுகினு கீது. கோயில் உப்பு ஏறி சீட்டு புடிச்சிருச்சு. மருந்து எங்க ஏறும்? கதவு நல்லாத்தான் கீதுடி." இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர் ஒரு நிமிஷத்தில் சொன்னது நோட்டு வைத்திருந்த எனக்குத் தோன்றவில்லை. அப்புறம்தான் திட்டினார், அதை எழுதமாட்டேன்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "இது நோட்டுல ஏம்மா வரலை?" பிரசாதம் சாப்பாடு இல்லையே டாக்டர் என்றேன். அவர் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். உதடு நடுங்கியது, கோபம் என்று நினைத்தேன், சிரிப்பு. கதவு நிஜமாகவே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, இப்போதே நம்பிக்கை வைக்காதீர்கள், ஆனால் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். சிறுநீரில் அயோடின் பார்த்தார்கள், நிறைய இருந்தது. பத்தியம் மறுபடி முதலிலிருந்து, அது முடிந்ததும் சோதனைக்குக் கொஞ்சமாக இல்லாமல் சிகிச்சைக்கான முழு அளவு மருந்தே கொடுத்துவிட்டு, அப்புறம் படம் எடுப்பது என்று முடிவானது; உன்னிடம் போன படம் சரியாக விழவில்லை என்று மட்டும் சொன்னோம். இந்தத் தடவை பிள்ளையாரிடம் போய், வாசலிலேயே நின்று, கொஞ்ச நாளைக்கு விபூதியும் பூவும் போதும், கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். கோதண்டம் மட்டும்தான் கோபித்துக்கொண்டார், என் கை அவ்வளவு ஆகாததா என்று. அவருக்கும் பஸ் கதையைச் சொல்லிப் புரியவைத்தார் அப்பா. இப்போது அன்னதான வரிசையில் யாராவது கழுத்தில் தழும்போடு வந்தால், அயோடின் பத்தியமா என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியைத் தூக்குகிறாராம்.

மருந்து கொடுத்த அன்று நீ புனே கிளம்பியாக வேண்டியிருந்தது. கதவுக்கு வெளியே நின்று கை காட்டினாய். கதிரியக்கம் என்று அறை வாசலில் எழுதியிருந்தது. உன் பேரும் அதில் இருக்கிறதே, பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த மருந்தை விழுங்கினேன். மூன்று நாள் அந்த அறையில் தனியாக. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், தூர நின்று ஒரு கருவியால் அளப்பார்கள், அது கிறுகிறுவென்று கத்தும். தனிமை என்று சொல்கிறார்கள், எனக்கு இருபத்தெட்டு வருஷத்தில் யாருக்கும் சமைக்காத மூன்று நாள் அது. கவசம் சொன்னேன், தூங்கினேன். உன் பாடத்தை நோட்டிலிருந்து எடுத்தெழுதி வந்த தாளில் இன்னொரு தடவை படித்தேன். அப்புறம்தான் நேற்றைய கடுகும் மிளகும். கதவு இருக்கிறது, கதிர். மூடவில்லை, கழலவில்லை. டாக்டரம்மா அதோடு விடவில்லை, அதையும் சொல்கிறேன்: வாங்கிய இடமெல்லாம் முழுக்கச் சாகும் என்று உறுதி இல்லை, ஆறு மாதம் கழித்து டிஜி பார்க்க வேண்டும், ஆயுசுக்கும் கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கணக்குத்தானே, நான் வைக்கிறேன்.

ஒரு கோளாறு வந்தால் ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்க வேண்டும், அப்போதுதான் வேர் கிடைக்கும் என்று உன் லைனில் சொல்வார்களாமே. நான் கேட்டுப் பார்த்தேன். ஸ்கேனில் ஏன் வரவில்லை? உப்பு. உப்பு ஏன் வந்தது? பிரசாதம். ஏன் எழுதவில்லை? கணக்கில் வராது என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன்? அன்போடு வருவதற்கும் பக்தியோடு வருவதற்கும் எடை கிடையாது என்று நினைத்தேன். ஐந்தாவது ஏனுக்குப் போனபோது அங்கே நீ நிற்கிறாய். அந்த மெயிலை எழுதும்போது நீயும் இதையேதான் நினைத்திருக்கிறாய். அம்மாவுக்காக விட்டது, அதை எங்கும் எழுத வேண்டாம், சொல்ல வேண்டாம், அது கணக்கில் வராது என்று. வரும், கண்ணு. உப்பு மாதிரி அது சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து வருஷம் கழித்து எங்கேயாவது வெற்றிடமாகத் தெரியும், அப்போது எந்த மெஷின் மேலும் பழி போட முடியாது. எனக்காக எதையும் விடாதே என்று நான் சொல்லமாட்டேன், அம்மாக்கள் சொல்கிற அந்த வசனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. விடுவதானால் என் முன்னால் எழுதி வைத்துவிட்டு விடு. எதற்காக விடுகிறாய், அது நிஜமா, இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். நீ விட்டதன் காரணம் கதவு போய்விட்டது என்பது. கதவு போகவில்லை. காரணம் அடித்தாகிவிட்டது.

இப்போது அப்பா நேற்று பஸ்ஸில் கொண்டுவந்த கடைசி சேதி. முன் சீட்டில் உட்காருகிற உன் மேனேஜர், ரிசல்ட் என்ன ஆச்சு என்று கேட்டாராம். அப்பா சொன்னாராம். அவர், "அண்ணே, உங்க பையன் மெயில நான் இன்னும் மேல அனுப்பல" என்றாராம். பேர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போகிறது. அதற்குள் நீ வருகிறேன் என்று ஒரு வரி எழுதினால் அந்தப் பழைய மெயில் வந்ததாகவே அவருக்கு ஞாபகம் இருக்காதாம். உன் முதுகு பிடித்துக்கொண்ட லீவைத் தவிர உன்மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லையாம்.

செல்விக்கு வளைகாப்பு அடுத்த மாதம். அதற்குள் நான் டார்ச் லைட் இல்லை, வெறும் அம்மா, அவள் கையைப் பிடித்து வளையல் போடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உன் பயணம் அதற்கப்புறம்தானாம், அதையும் கேட்டுவிட்டேன். ஆறு மாதப் பரிசோதனைக்கு அப்பா இருக்கிறார், செல்வி இருக்கிறாள், ரிசல்ட் தாளை வரி விடாமல் உனக்கு அனுப்புவேன், வேண்டுமானால் அடுப்படி மேடையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நீ பாடம் நடத்து. ஒன்று மட்டும். அங்கே எல்லாவற்றிலும் கடல்பாசி போடுவார்களாமே, அது அயோடின் மூட்டையாம், படித்துவிட்டேன். நீ நன்றாகச் சாப்பிடு. எனக்கு மட்டும் அங்கிருந்து தின்பதற்கு எதையும் வாங்கி வராதே, எந்தச் சாமிக்குப் படைத்ததாக இருந்தாலும்.

மேனேஜருக்கு எழுதிவிட்டு எனக்கும் எழுது. 'சரிம்மா' என்று போனில் சொன்னால் கணக்கில் எடுக்கமாட்டேன், எழுத்தில் வேண்டும். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமைக்குள் பதில் போடு.

அம்மா